நிக்கோட்டின் கம்: 14 வாரம் மென்ற பிறகு

தம்பி ஒரே நாளில் சிகரெட்டை விட்டான். எனக்கு 14 வாரமும் ஏறக்குறைய 650 கம்மும் தேவைப்பட்டன. இரண்டு பேரும் ஒரே வருடம், ஒரே பெட்டிக்கடையில், ஒரே பாக்கெட்டைப் பிரித்துத் தொடங்கியவர்கள். எனக்கு 16 வயது, அவனுக்கு 15. சிகரெட்டை விடுவதற்காக மருந்துக்கடையில் விற்கிற நிக்கோட்டின் சூயிங்கத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். ஆனால் தம்பியைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. அவனுக்குத் தேவைப்படாத ஒரு பொருள் எனக்கு ஏன் தேவைப்பட்டது என்று புரிந்த பிறகுதான் அந்தப் பொருளையே எனக்குச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்தது.

எனக்கு 43 வயது. சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் நான்கு கலர் மெஷின் ஓட்டுகிறேன். நாளுக்கு 18 சிகரெட் வரைக்கும் போனவன். இந்தப் பொங்கலுக்கு அடுத்த நாள் நிறுத்தினேன். ஏப்ரல் கடைசியில் கம்மையும் நிறுத்தினேன். இப்போது ஆடிப்பெருக்கு முடிந்து காலண்டர் ஆல்பமெல்லாம் வெளியாகி, சீசன் வேலை தொடங்கிவிட்டது. இன்று வரை ஒன்றும் பிடிக்கவில்லை.

கம்பெனி பெயர் சொல்லப் போவதில்லை. நான் மூன்று கம்பெனிப் பொருள் வாங்கிப் பார்த்தேன். உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான், வாசனைதான் வேறு. 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு அளவில் வருகிறது. 2 மி.கி. சீட்டு இல்லாமலே கிடைக்கும், 4 மி.கி.க்கு டாக்டர் சீட்டு வேண்டும். எங்கள் ஊரில் 2 மி.கி. கம் ஒன்று 10 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்தது, 4 மி.கி. அதைவிட இரண்டு மூன்று ரூபாய் கூட. 14 வாரத்துக்கும் சேர்த்து 8,000 ரூபாய்க்குள் முடிந்தது. அதே 14 வாரம் நான் பழையபடி பிடித்திருந்தால் 17,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். காசு என்று பார்த்தால் யோசிக்கவே வேண்டாம்.

முதல் தடவை நான் வாங்கியது இரண்டு வருடத்துக்கு முன்னால். அது முழுத் தோல்வி. அதற்கு யாரும் எனக்கு எதுவும் சொல்லாததுதான் காரணம் என்று இப்போது தெரிகிறது. நெஞ்சில் சளி நிற்காமல் இருந்ததால் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். அங்கே, “மனசு வைத்தால் விட்டுவிடலாம், உங்கள் தம்பி விடவில்லையா?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த வாக்கியம் பல நாள் என்னைக் குடைந்தது. கடையில் போய் நானாகவே 2 மி.கி. அட்டை ஒன்று வாங்கினேன். கடைக்காரர் விலையைச் சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை. சாதாரண பபுள்கம் மாதிரி வேகவேகமாக மென்றேன். தொண்டை எரிந்தது, விக்கல் பிடித்தது, வயிறு புரட்டியது. அது நவம்பர் மாதம், ராத்திரி ஷிப்ட், டைரியும் காலண்டரும் மலையாகக் குவிந்து கிடந்த நேரம். ஐந்தாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு டீக்கடையில் நின்று பற்ற வைத்தேன். எனக்கு மனவுறுதி கிடையாது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

இரண்டாம் தடவை அரசு ஆஸ்பத்திரியில் புகையிலைப் பழக்கத்துக்கு ஆலோசனை சொல்லும் மேடத்திடம் போனேன். அவர் என் மனவுறுதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் கேள்வியே, “காலையில் கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்?” என்பதுதான். பல் தேய்க்கும் முன்னாலேயே என்றேன். ஐந்து நிமிடத்துக்குள் என்றால் 3 மதிப்பெண். இப்படி ஆறு கேள்வி, மொத்தம் 10 மதிப்பெண். ஃபாகர்ஸ்ட்ராம் என்ற சுவீடன்காரர் பெயரில் உலகம் முழுக்க இருக்கிற கேள்வித்தாள் அது. காய்ச்சலில் படுத்திருந்தாலும் பிடிப்பீர்களா? பிடிப்பேன். விடவே முடியாத சிகரெட் எது? காலையில் முதலில் பிடிப்பது. தடை செய்த இடத்தில் பிடிக்காமல் இருப்பது கஷ்டமா? இல்லை. வெடிமருந்தும் தீப்பெட்டியும் செய்கிற ஊரில் பிறந்தவனுக்கு நெருப்பு வைக்கக் கூடாத இடம் எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு வந்தது 7. “உங்களுக்கு 2 மி.கி. போதாது. எழுந்து அரை மணிக்குள் பிடிக்கிறவர்களுக்கு 4 மி.கி.யில்தான் தொடங்க வேண்டும்” என்றார். இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்த ஒரு வரியை அந்தக் கடையில் யாராவது சொல்லியிருக்கலாம்.

மெல்லுகிற முறையை அவர் எதிரில் உட்கார வைத்துக் காட்டினார். மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை கடிக்க வேண்டும். மிளகைக் கடித்தது மாதிரி காரம் ஏறும். ஏறியதும் மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும். வெற்றிலை போடுகிற பாட்டிமார்கள் புகையிலையை ஒதுக்குவார்களே, அதே இடம். காரம் இறங்கியதும் மறுபடி நாலு கடி, மறுபக்கம் ஒதுக்கல். இப்படி அரை மணி நேரம். மருந்து கன்னத்தின் உள்தோல் வழியாகத்தான் ரத்தத்தில் சேருகிறது. எச்சிலோடு விழுங்கினால் வயிற்றுக்குப் போய் எரிச்சலும் விக்கலும்தான் மிச்சம். முதல் தடவை நான் செய்தது அதைத்தான்.

இன்னொன்றும் கட்டாயம் தெரிய வேண்டும். டீ, காபி, சோடா, எலுமிச்சை ஜூஸ் குடித்த கால் மணி நேரத்துக்குள் கம் போடக் கூடாது. வாயில் புளிப்புத் தன்மை இருந்தால் நிக்கோட்டின் உள்ளே இறங்காது. நான் டீயைக் குடித்து முடித்த கையோடுதான் எப்போதும் போட்டேன். 10 ரூபாய் கம்மில் பாதி அப்படியே வீணாகப் போயிருக்கும்.

கம் மென்றால் சிகரெட் பிடித்த மாதிரி இருக்குமா என்று அச்சகத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். இருக்காது. சிகரெட் புகையில் உள்ள நிக்கோட்டின் நுரையீரல் வழியாகப் போய் 10 முதல் 20 விநாடிக்குள் மூளையைத் தொட்டுவிடும். கம்மில் உச்சம் வர அரை மணி நேரம் ஆகும். அந்த விநாடிக் கணக்குதான் பழக்கத்தை உண்டாக்குகிறது. எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு ஆழமாக மூளை அதைப் படித்து வைத்துக்கொள்கிறது. கம் மெதுவாக ஏறுவதால்தான் அதற்கு நாம் அடிமையாவது அரிது. அது கொடுப்பது இன்பம் இல்லை, பொறுக்க முடியாத அளவுக்குப் போகாமல் பிடித்து நிறுத்துகிற ஒரு தாங்கல். அந்தத் தாங்கலை மட்டும் எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

இந்தக் கம் பிறந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1960-களில் சுவீடனில், நீர்மூழ்கிக் கப்பலில் சிகரெட் பிடிக்க முடியாத கடற்படை ஆட்கள் புகையிலையை வாயில் அடக்கிச் சமாளிப்பதை ஒரு மருத்துவர் கவனித்து, மருந்து கம்பெனியில் இருந்த ஊவே ஃபெர்னோ என்ற வேதியியலாளருக்குச் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து வந்ததுதான் இது. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த எங்கள் பெரியம்மா, பக்கத்தில் நெருப்பே கூடாது என்பதால் புகையிலையை அடக்கியேதான் வாழ்ந்தார். அவருக்குப் பழக்கத்தைத் தந்ததும் புகையிலைதான், வாய்ப்புண்ணைத் தந்ததும் அதுதான். அந்தக் கப்பல்காரர்களிடமிருந்து புகையிலையை எடுத்துவிட்டு நிக்கோட்டினை மட்டும் வைத்தார்கள். புகையிலையில் புற்றுநோயைக் கொண்டுவருகிற சரக்குகள் கம்மில் இல்லை.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் சிகரெட் அன்று அவன் வாந்தி எடுத்தான். எனக்குத் தலை லேசாகச் சுற்றி, ஏதோ திருவிழாவில் ராட்டினத்தில் உட்கார்ந்த மாதிரி சுகமாக இருந்தது. இந்த வித்தியாசத்தை நான் 27 வருடமாக ஒரு கதையாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். மேடம் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். முதல் தடவையே சுகமாக இருந்தவர்கள் பின்னால் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார்களாம். மூளையில் நிக்கோட்டின் போய் ஒட்டுகிற ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு பாகத்தைச் செய்கிற மரபணு 15-வது குரோமோசோமில் இருக்கிறது. அதில் ஒரு எழுத்து மாறியிருந்தால், “போதும், இது விஷம்” என்று உடம்பு சொல்கிற குரல் தணிந்துவிடுகிறது. அப்படிப்பட்டவர்கள் சராசரியாகக் கூடுதலாகப் பிடிக்கிறார்கள். அடுத்தது கல்லீரல். சிஒய்பி2ஏ6 என்றொரு நொதி நிக்கோட்டினைக் கழிக்கிறது. சிலருக்கு அது வேகமாக வேலை செய்யும், அவர்களுக்குச் சீக்கிரமே மறுபடி கேட்கும். சிலருக்கு மெதுவாக வேலை செய்யும், அவர்கள் குறைவாகப் பிடிப்பார்கள், விடுவதும் அவர்களுக்குச் சற்று எளிது. தம்பி ஞாயிற்றுக்கிழமை இரண்டு, கல்யாண வீட்டில் ஒன்று என்று பத்து வருடம் ஓட்டியவன். வார நாளில் அவனுக்கு நினைப்பே வராது. நான் அதை அவன் கட்டுப்பாடு என்று நினைத்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

எங்களுக்கு மரபணுச் சோதனை எதுவும் எடுக்கவில்லை. அதனால் என்னிடம் இது இருக்கிறது, அவனிடம் அது இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தாலும் ஆளுக்கு ஆள் மாறுகிற மரபணுக்களில் அண்ணன் தம்பிக்குள் சராசரியாகப் பாதிதான் பொது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், அடிமைத்தனத்தில் ஏறக்குறையப் பாதிப் பங்கு பரம்பரையிலிருந்து வருகிறது என்று கண்டிருக்கிறார்கள். மீதிப் பாதி எங்கே வளர்ந்தோம், எப்போது தொடங்கினோம், யாரோடு இருந்தோம், எதைத் தாங்க வேண்டியிருந்தது என்பதில் இருக்கிறது. எங்கள் அப்பா பீடி பிடிப்பார். கடைக்குப் போய் பீடிக்கட்டு வாங்கி வருவது மூத்தவனான என் வேலை. தம்பி போனதே இல்லை. ஐந்து வயதிலிருந்து அந்த வாசனை எனக்கு அப்பாவின் வாசனை.

பதினாறு வயதில் தொடங்கியதும் சேர்ந்துகொண்டது. ஆசைப்படுகிற பகுதி மூளையில் சீக்கிரம் வளர்ந்துவிடுகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும், “நில், யோசி” என்று சொல்கிற பகுதி 25 வயது வாக்கில்தான் முழுதாக முதிர்கிறது. அந்த இடைவெளியில் போய் விழுகிற எதுவும் ஆழமாகப் பதியும். சாராயத்துக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் 1997-ல் வந்த ஓர் ஆய்வில், 15 வயதுக்கு முன்னால் குடிக்கத் தொடங்கியவர்களில் 100-க்கு 40 பேர் பிற்காலத்தில் அடிமையாகியிருந்தார்கள். 20 வயதுக்கு மேல் தொடங்கியவர்களில் அது 10 பேர். சீக்கிரம் தொடங்குவதே காரணமா, அவசரக் குணம் உள்ள பிள்ளைகள் சீக்கிரம் தொடங்குகிறார்களா என்று கேட்கலாம். இரண்டும்தான் என்றார் மேடம். பின்விளைவு யோசிக்காமல் சட்டென்று செய்துவிடுகிற குணம், ஓர் இடத்தில் உட்கார முடியாத குணம், மனச்சோர்வு இவையெல்லாம் உள்ளவர்கள் எளிதாக மாட்டுகிறார்கள். பள்ளியில் பெஞ்சில் உட்கார முடியாமல் அடி வாங்கியவன் நான். தம்பி வகுப்பில் முதல் மாணவன்.

இதைக் கேட்டுவிட்டு வெளியில் வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். அது சோகத்தில் வந்த அழுகையா என்று சொல்லத் தெரியவில்லை. 27 வருடமாக என் முதுகில் இருந்த ஒன்றை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

ஆனால் கம் செய்ய முடியாத வேலை நிறைய இருக்கிறது. விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். உடம்பு கேட்பதை அது சமாளிக்கும். கை கேட்பதை, இடம் கேட்பதைச் சமாளிக்காது. பிளேட் மாற்றியதும் ஒன்று, ரோலர் கழுவி முடித்ததும் ஒன்று, சம்பளக் கவரை வாங்கியதும் ஒன்று என்று என் நாளே சிகரெட்டால் பாகம் பிரித்த நாள். வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களில், ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் 100-க்கு 5 பேர் அளவுதானாம். ஊர் மாறியது, கூட்டாளி மாறினான், பயம் மாறியது. எனக்கு ஊர் மாற வழியில்லை. டீக்கடையை மாற்றினேன். அச்சகத்து வாசலில் இருக்கும் அண்ணாச்சி கடையை விட்டுவிட்டு, ஒரு தெரு தள்ளி, சிகரெட் விற்காத பால் கடைக்குப் போனேன். அண்ணாச்சிக்கு வருத்தம். அவரிடம் போய்ச் சொன்னேன், புரிந்துகொண்டார். சீசனில் தொடங்காமல் பொங்கல் முடிந்து வேலை குறைந்த பிறகு தொடங்கியதும் மேடம் சொன்ன யோசனைதான். தூக்கம் கெட்டு, முதலாளி நெருக்கும்போது மூளையின் “நில்” பகுதிதான் முதலில் களைத்துப்போகும்.

இரண்டாம் வாரம் நெஞ்சு படபடத்தது, தூக்கம் வரவில்லை. கம்தான் காரணம் என்று நிறுத்தப் பார்த்தேன். காரணம் டீ. சிகரெட் புகையில் உள்ள தார், கல்லீரலைத் தூண்டி டீ, காபியில் உள்ள கஃபீனை வேகமாகக் கழிக்க வைக்கிறது. சிகரெட் நின்றதும் அந்த வேகம் குறைந்துவிடும். பழையபடி ஆறு டீ குடித்தால் அது பத்துப் பன்னிரண்டு டீ குடித்த மாதிரி உடம்பில் நிற்கும். மூன்றாகக் குறைத்தேன், நாலு நாளில் தூக்கம் வந்தது. கம்மை விட்டு ஓடுகிறவர்களில் எத்தனை பேர் இந்த டீயால் ஓடியிருப்பார்களோ! தயவுசெய்து இதை ஞாபகம் வையுங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் தாடை வலிக்கும். புதினா வாசனை பத்து நிமிடத்தில் போய்விடும், அப்புறம் வெறும் ரப்பர். பழ வாசனையில் வாங்கியது வாயில் மருந்து மாதிரி நின்றது, அதை வாங்க வேண்டாம். அட்டையைக் கிழிப்பது பெரும்பாடு, இங்க் பட்ட கையால் முடியவே முடியாது. குழந்தை கைக்குப் போகக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதால் பொறுத்துக்கொள்ளலாம். மென்று துப்பியதிலும் மருந்து மிச்சம் இருக்கும், தாளில் சுற்றித்தான் போட வேண்டும். பல்செட் கட்டியவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும், அவர்கள் டாக்டரிடம் தோலில் ஒட்டுகிற நிக்கோட்டின் பட்டை கேட்கலாம். மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள் கேட்காமல் தொடவே கூடாது.

அளவு எனக்குச் சொன்னது இப்படி: முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று, அடுத்த மூன்று வாரம் இரண்டு முதல் நாலு மணிக்கு ஒன்று, அதன் பிறகு நாலு முதல் எட்டு மணிக்கு ஒன்று. ஆறாம் வாரம் முடிந்ததும் 2 மி.கி.க்கு இறங்கினேன். 12 வாரத்தில் முடிய வேண்டியது, எனக்கு இரண்டு வாரம் கூட ஆனது. ரொம்பப் பேர் குறைவாக மென்றுதான் தோற்கிறார்கள். “பிடிக்கணும் போல இருந்தால் மட்டும்” என்று காத்திருந்தால் தாமதமாகிவிடும், ஏனென்றால் கம் ஏற அரை மணி ஆகும்.

இது எல்லோரையும் காப்பாற்றும் என்று சொல்ல மாட்டேன். ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்ததில், கம் போன்றவை வெற்றி வாய்ப்பை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆக்குகின்றன. அதற்கு மேல் இல்லை. ஆலோசனையும் சேர்ந்தால் இன்னும் கூடும். சிகரெட் பாக்கெட்டின் மேலேயே 1800-11-2356 என்ற இலவச எண் அச்சிட்டிருக்கிறது. அச்சுத் தொழிலில் இருக்கும் நானே அந்த எழுத்தின் அளவையும் கலரையும் பார்த்திருக்கிறேன், எண்ணைப் பார்த்ததில்லை. மூன்றாம் வாரம் ஒரு ராத்திரி ரொம்பக் கஷ்டமாக இருந்து, மறுநாள் காலையில் அதில் பேசினேன். தமிழில் பேசினார்கள், அவசரப்படுத்தவில்லை. 2022-ல் மத்திய அரசு இந்த மருந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. எழுந்ததும் கை சிகரெட்டைத் தேடுகிற ஆளாக இருந்தால் இதை வாங்குங்கள், 4 மி.கி.க்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வாங்குங்கள். தம்பி மாதிரி ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு இது வேண்டியதே இல்லை.

என் மகனுக்கு 15 வயது. மார்ச் மாதம் சட்டைப் பையில் அட்டையைப் பார்த்துவிட்டு, “இது என்னப்பா?” என்றான். உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வாந்தி எடுத்த சித்தப்பாவையும், சுகமாக இருந்த என்னையும், தாத்தாவின் பீடிக்கட்டையும்.

“அப்போ நான் உங்க மாதிரியா, சித்தப்பா மாதிரியாப்பா?”

“தெரியாதுடா. பற்ற வைத்துப் பார்த்தால்தான் தெரியும். என் மாதிரி என்றால் அன்றைக்கே மாட்டிக்கொள்வாய்.”

அவன் கொஞ்ச நேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, மாத்திரை எண்ணுவது போல மீதியை எண்ணி, “இன்னும் ஆறு இருக்கு” என்று என் கையில் கொடுத்தான். அன்றிலிருந்து ஏப்ரல் கடைசி வரை, ராத்திரி படுக்கும் முன் அன்றைக்கு எத்தனை மென்றேன் என்று காலண்டரில் எழுதி வைத்தது அவன்தான்.